எங்க வீட்டு மருமகள் எனக்குச் சோறு போடுகிறாள்



கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்தமாட்டாள் என்று உங்களுக்குத் தெரியும். காபி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன மாதம் தண்டலம் கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய ஒருவன் என்னைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, உற்றுப் பார்த்தான். 1999இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். "டீச்சர், நீங்கதானா?" என்றான். நான்தான் என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே டீச்சர்? ஊர்ல என்னென்னமோ சொல்றாங்க" என்றான்.

"என்னடா சொல்றாங்க?"

எட்டாம் வாய்ப்பாடு கேட்டால் அந்தக் காலத்தில் எப்படி நிற்பானோ அப்படியே நின்றான். விடாமல் கேட்டதும் சொன்னான். ஒரு பேச்சு, எனக்குப் புற்றுநோய் என்று. இன்னொன்று, சர்க்கரை முற்றிவிட்டது, அதனால்தான் உருகிவிட்டேன் என்று. மூன்றாவதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டான். "மருமக சரியா சோறு போடறதில்லையாம் டீச்சர்."

முதல் இரண்டுக்கும் சிரித்துவிட்டேன். மூன்றாவது அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. இரண்டு வருடத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டியது.

2023 நவம்பர் 27ஆம் தேதி எனக்கு உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்காரர், மகன், மருமகள், என் தங்கை, இந்த நான்கு பேருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாரிடமும் குடலிறக்க ஆபரேஷன் என்று சொன்னேன். பொய் சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றியவள் நான். உண்மையைச் சொல்ல வெட்கம். "வாயைக் கட்டத் தெரியாம வயித்தை வெட்டிக்கிட்டா பாரு" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். நான் வாயை மூடிக்கொண்டதால், பழி எங்க வீட்டுப் பெண் மேல் போய் விழுந்திருக்கிறது.

1986இல் வேலைக்குச் சேர்ந்தபோது என் எடை 48 கிலோ. அப்போது மண்ணூரைச் சுற்றி ஏரிப் பாசன நெல்தான். பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளிக்கு வரப்பு மேல் நடந்து போவேன், நடந்தே வருவேன். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வந்தது, ரோடு வந்தது, ஷேர் ஆட்டோ வாசலுக்கே வந்தது. என் நடை நின்றது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கம்பெனிகளால்தான் உங்களில் பாதிப் பேர் வீடு கட்டியிருக்கிறீர்கள், என் மகன் உட்பட.

நடை நின்றது ஒரு காரணம். இன்னொன்று, மிச்சம். சத்துணவு வேளையில் நான் வராண்டாவில் நின்று, "தட்டுல ஒரு பருக்கை இருக்கக் கூடாது" என்று அதட்டியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வீட்டிலும் அதே சட்டம்தான். பையன் மிச்சம் வைத்த தோசை, வீட்டுக்காரர் வேண்டாம் என்ற சோறு, ராத்திரி அடிச்சட்டிக் குழம்பு, எல்லாம் "வீணாப் போகுதே" என்று என் வயிற்றுக்குள் போகும். பசித்துச் சாப்பிட்டதைவிட மிச்சத்தைத் தீர்க்கச் சாப்பிட்டதுதான் அதிகம்.

2009இல் சர்க்கரை வந்தது. 2017இல் இன்சுலின். நான் விடும் குறட்டையில் மகன் மாடிக்குப் படுக்கப் போய்விட்டான். 2022இல் ஓய்வு பெற்றபோது மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்தீர்களே, அந்த நாற்காலியில் இருந்து எழ இரண்டு பேர் கை கொடுத்தது மேடையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அப்போது 104 கிலோ. மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் போனபோது எலும்பு டாக்டர், "முதல்ல எடையைக் குறைச்சுட்டு வாங்கம்மா" என்றார். ஏழெட்டு முறை குறைத்து ஏழெட்டு முறை திரும்ப ஏறிய கதையைச் சொன்னேன். அவர்தான் இந்த அறுவை சிகிச்சை டாக்டரிடம் அனுப்பினார்.

பி.எம்.ஐ என்ற கணக்கு உங்களுக்குத் தெரியும். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். நான் 152 சென்டிமீட்டர். 104ஐ 2.31ஆல் வகுத்தால் 45. நம் நாட்டில் பல வருடமாகப் பின்பற்றும் அளவுப்படி, 37.5க்கு மேல் இருந்தால் இந்த ஆபரேஷனை யோசிக்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோய்கள் இருந்தால் 32.5க்கு மேலேயே யோசிக்கலாம். காப்பீட்டுக்காரர்கள் கணக்கு வேறு. 40க்கு மேல் வேண்டும், அல்லது 35க்கு மேல் இருந்து குறிப்பிட்ட கடுமையான நோய் ஏதாவது இருக்க வேண்டும். மகனின் கம்பெனி பாலிசியில் பெற்றோருக்கும் இடம் இருந்ததால் பெரும்பகுதி அதிலேயே போனது.

டாக்டர் ஒரு தாளில் இரைப்பையை வரைந்து காட்டினார். முப்பது வருடம் கரும்பலகையில் நான் வரைந்த அதே படம். பையில் முக்கால் பாகத்துக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விடுவார்கள். 'ஸ்லீவ்' என்று பெயர். பசியைத் தூண்டும் ஹார்மோன் பெரும்பாலும் அந்த வெட்டி எடுக்கிற பகுதியில்தான் சுரக்கிறது. பசியும் குறையும், இடமும் குறையும். குடலை மாற்றி இணைக்கிற 'பைபாஸ்' என்று இன்னொரு முறை உண்டு. எனக்கு ஸ்லீவ் போதும் என்றார்.

நாளைக்கே வந்து படுங்கள் என்று சொல்வார்கள் என நினைத்தேன். மூன்று மாதம் தயார் செய்தார்கள். ரத்தம், கல்லீரல் ஸ்கேன், எண்டோஸ்கோபி, இதய எக்கோ. ஒரு ராத்திரி உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்ததில், தூக்கத்தில் எனக்கு மூச்சு அடிக்கடி நின்று நின்று வருகிறது என்று தெரிந்தது. அதற்கு முகமூடி மாதிரி ஒரு மெஷின் கொடுத்து, மயக்க மருந்துக்கு முன் கட்டாயம் பழக வேண்டும் என்றார்கள். மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவியை உறிஞ்சி மூச்சுப் பயிற்சி. எங்க வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "ரெண்டாவது பந்து ஏறிடுச்சு, மூணாவது பாக்கி" என்று கிரிக்கெட் வர்ணனை சொல்வார்.

மனநல ஆலோசகரிடம் அனுப்பியதில்தான் எனக்குக் கோபம். எனக்கு என்ன பைத்தியமா? அந்தப் பெண்ணுக்கு என் கடைசி பேட்ச் பிள்ளைகள் வயதுதான் இருக்கும். "எப்பல்லாம் பசி இல்லாமச் சாப்பிடுவீங்கம்மா?" என்று கேட்டாள். மிச்சக் கதையைச் சொன்னேன். "ஆபரேஷனுக்கு அப்புறம் உங்க தட்டுலயே மிச்சம் வரும். அதை என்ன செய்வீங்க?" என்றாள். பதில் வரவில்லை. என் தட்டில் மிச்சம் விடுவது என்பதை அதுவரை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

அந்த வருடம் தீபாவளி நவம்பர் 12. மறுநாளில் இருந்து இரண்டு வாரம் புரதப் பவுடர், மோர், சூப், வேகவைத்த காய், அவ்வளவுதான். கொழுப்பேறி வீங்கிய கல்லீரலைச் சுருக்கினால்தான் அதைத் தூக்கிவிட்டு இரைப்பையைத் தொட முடியுமாம். வீடு முழுக்க அதிரசம், முறுக்கு. மருமகள் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டுத் தன் கம்பெனிக்கு எடுத்துப் போய்விட்டாள். சுங்குவார்சத்திரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அவளுக்கு வேலை.

27ஆம் தேதி ஆபரேஷன், 30ஆம் தேதி வீடு. ஒரு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். உங்களுக்கெல்லாம் அந்த மழை நினைவிருக்கும். எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, மிக்ஸி இல்லை, பால் வரவில்லை. எனக்கோ திரவ உணவு மட்டும். அதுவும் ஒரு தடவைக்கு 30 மில்லி, மருந்து ஊற்றுகிற சின்னக் கோப்பையில். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும். 1500ஐ 30ஆல் வகுத்தால்? நாலாம் வகுப்புக் கணக்கு. ஐம்பது கோப்பை.

அந்த ஐம்பதையும் கொடுத்தது மருமகள். சம்பளம் இல்லாத லீவு போட்டிருந்தாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் புரதப் பவுடரை மத்தால் கடைந்து, கட்டி இல்லாமல் வடிகட்டி, ஒவ்வொரு கோப்பைக்கும் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு கோடு போடுவாள். நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. ராத்திரி பத்து மணிக்கு எண்ணிப் பார்த்து, "அத்தை, இன்னும் மூணு கோப்பை பாக்கி" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு நாள் கோப்பையைத் தட்டிவிட்டேன். அவள் பேசாமல் துடைத்துவிட்டு, மறுபடி கடைந்து கொண்டுவந்தாள். அந்தக் காலண்டர் தாள்கள் என்னிடம் இன்னும் இருக்கின்றன. யாருக்காவது சந்தேகம் இருந்தால் வந்து பார்க்கலாம்.

இரண்டாம் வாரம் பருப்புத் தண்ணீர், பால். அப்புறம் மசித்த உணவு, பிறகு குழைந்த இட்லி. இரண்டு மாதத்தில் எல்லாரும் சாப்பிடுவதையே கால் பங்கு. ஒவ்வொரு வாயையும் இருபது, முப்பது தடவை மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி கழித்துத்தான். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு டம்ளர் பாலில் ஆறேழு என்று கூட்டிக்கொண்டே இருப்பேன். அதனால் தட்டில் முதலில் மீன், முட்டை, பருப்பு, பிறகு காய், இடம் இருந்தால் சோறு. அறுபது வருடம் சோற்றை நடுவில் வைத்துச் சாப்பிட்டவளுக்கு, சோறு கடைசிக்குப் போனது ஏதோ பெரியவரை வாசலில் நிற்க வைத்த மாதிரி இருந்தது.

இனி நான் தப்பு செய்த கதை.

2024 பிப்ரவரியில் உறவில் ஒரு கிரகப்பிரவேசம். வீட்டுப் பெயர் சொல்லமாட்டேன். பந்தியில் உட்கார்ந்தேன். சர்க்கரைப் பொங்கல், வடை, கேசரி. "என்ன, எங்க வீட்டுச் சாப்பாடு டீச்சருக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டுக் கேட்டுப் போட்டார்கள். உண்மையைச் சொல்ல முடியாது, நான்தான் குடலிறக்கம் என்று சொல்லியிருக்கிறேனே! முகம் வாடக்கூடாதென்று வடையையும் பொங்கலையும் வேகமாக முழுங்கினேன். நெஞ்சுக்குள் கல் மாட்டியது போல வலி. பின்பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து தாம்பூலம் வாங்கிக்கொண்டேன்.

அன்றோடு நிற்கவில்லை. எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. விட்டமின் மாத்திரையும் வெளியே வந்தது, அதனால் அதையும் நிறுத்தினேன். மருமகளிடம் சொல்லவில்லை. அவ்வளவு பாடுபட்டவளிடம், வடை தின்று கெடுத்துக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது? மகனும் அவளும் வேலைக்குப் போன பிறகு குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுப்பேன். மூன்று வாரம் ஓட்டினேன். பாதம் மரத்துப் போனது. நடந்தால் தள்ளாடியது.

சுவரைப் பிடித்துக்கொண்டு நான் நடந்ததைப் பார்த்துவிட்டு அவள்தான் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே சோர்வுக்குக் குளுக்கோஸ் ஏற்றத் தயாரானார்கள். இவள், "கொஞ்சம் இருங்க" என்று கைப்பையில் இருந்து டிஸ்சார்ஜ் தாளை எடுத்து நீட்டினாள். மூன்று மாதமாக அதைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறாள். அதில் 'தொடர் வாந்தி இருந்தால் உடனே அழைக்கவும்' என்று அச்சடித்திருந்தது. அவர்களுக்கு போன் போட்டாள். முதலில் விட்டமின் பி1 ஊசி, அதற்குப் பிறகுதான் குளுக்கோஸ், உடனே கூட்டி வாருங்கள் என்றார்கள்.

பி1 சத்தை உடம்பு அதிக நாள் சேர்த்து வைக்காது. தொடர்ந்து வாந்தி என்றால் சில வாரத்தில் தீர்ந்துவிடும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் அது இழுத்துக்கொள்ளும். நரம்பு, கண், ஞாபக சக்தி எல்லாம் பாதிக்கப்படலாம். பெரிய டாக்டர் என்னைத் திட்டவில்லை. "ஏம்மா மறைச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். கால் மரப்பு போக நான்கு மாதம் ஆனது. இடது கால் கட்டைவிரலில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

"மருமகள் சோறு போடுவதில்லை" என்ற பேச்சு, நான் கேட்டுக் கேட்டு விசாரித்ததில், அதே கிரகப்பிரவேச வீட்டில் இருந்துதான் கிளம்பியிருக்கிறது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஆனால் அவர்களிடம் உண்மையைச் சொல்லாதவள் நான்தானே.

அந்த ஏப்ரலில், சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இதே அறுவை சிகிச்சைக்குப் போன ஓர் இளைஞர் இறந்த செய்தி எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்தது. அரசு விசாரித்து அந்த மருத்துவமனையின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்தியது. என் தங்கை போனில் அழுதாள். எனக்கும் அன்று கை நடுங்கியது. மூன்று மாதம் அலைக்கழிக்கிறார்களே என்று நான் முணுமுணுத்த பரிசோதனைகள் எதற்கு என்பது அன்றுதான் உறைத்தது. யாராவது போவதாக இருந்தால், அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, மயக்க மருந்து டாக்டர் உங்களை முன்கூட்டியே பார்த்தாரா, பிறகு வருடக்கணக்கில் யார் கவனிப்பார்கள் என்று கேளுங்கள். கட்டணத்தைக் கடைசியில் கேளுங்கள்.

இப்போது என் எடை 77. ஒரு கட்டத்தில் 74 வரை இறங்கி, மூன்று ஏறியிருக்கிறது. சாயங்காலம் கை மிக்சர் டப்பாவுக்குப் போகத்தான் போகிறது. மிக்சருக்கு அந்தச் சின்ன வயிற்றிலும் இடம் கிடைத்துவிடுகிறது. இன்சுலின் நின்றது. பதினான்கு வருடச் சர்க்கரை என்பதால் ஒரு மாத்திரை பாக்கி. மூச்சு மெஷினைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மூட்டு ஆபரேஷனைத் தள்ளிப் போட்டிருக்கிறோம். ஆனால் வலிக்கு முன்பு போட்ட மாத்திரைகளை இனித் தொடக் கூடாது, இந்த வயிற்றில் புண் வரும். நாலாவது மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து, பிறகு வளர்ந்தது. கைச்சதை தொங்குகிறது, ஜாக்கெட் எல்லாம் முழங்கை வரைக்கும் தைத்துக்கொண்டேன். மோதிரத்துக்கு நூல் சுற்றியிருக்கிறேன். விட்டமின், இரும்பு, கால்சியம் எல்லாம் ஆயுளுக்கும் உண்டு. இரும்பும் கால்சியமும் ஒன்றாகப் போடக் கூடாது, இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். அதற்கும் மருமகள் இரண்டு நிறத்தில் டப்பா வாங்கி வைத்திருக்கிறாள்.

இன்னொரு விஷயம். 2008இல் என்னிடம் படித்த ஒரு பெண் இதைப் பற்றி எப்படியோ கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தாள். ஒரகடத்தில் வேலை, நைட் ஷிஃப்ட், ஹாஸ்டல் சாப்பாடு. 158 சென்டிமீட்டர், 96 கிலோ. கணக்குப் போட்டால் 38.5. வரன் வந்திருக்கிறது, பையன் வீட்டில் "கொஞ்சம் இளைக்கணும்" என்கிறார்கள், ஆறு மாதத்தில் கல்யாணம். "நானும் பண்ணிக்கட்டுமா டீச்சர்? அவங்களுக்குத் தெரியாம முடிச்சிடலாம்ல?" என்றாள். இப்போது ஊசி மருந்தும் வந்துவிட்டதே என்று அதையும் கேட்டாள்.

ஊசியைப் பற்றி டாக்டரிடம் கேள் என்றேன். ஆபரேஷனுக்கு அவள் அளவு பொருந்துகிறது, வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனால் பண்ணிக்கொண்டால் ஒரு வருடம், ஒன்றரை வருடத்துக்குக் கர்ப்பம் தரிக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வதைச் சொன்னேன். அவளுக்கு அது தெரியாது. கல்யாணமான மூன்றாம் மாதமே "விசேஷம் உண்டா" என்று கேட்கிற ஊரில், அதை எப்படி மறைப்பாய் என்றேன். மறுவீட்டு விருந்தில் அரை இட்லி சாப்பிட்டால் என்ன சொல்வார்கள் என்று, என் கிரகப்பிரவேசக் கதையையும் சொன்னேன். அந்தப் பையனிடம் முதலில் பேசு, அவன் என்ன சொல்கிறான் என்று பார்த்துவிட்டு மற்றதை யோசி என்றேன். போன வாரம் போன் செய்தாள். பேசிவிட்டாளாம். கல்யாணத்தைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அது நல்லதற்கா இல்லையா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

தை மாதம் நம் குடும்பத்தில் இரண்டு கல்யாணம் வருகிறது. பந்தியில் எனக்கு அரை இலை போதும். அதிலும் மிச்சம் இருக்கும். "தட்டுல பருக்கை இருக்கக் கூடாதுன்னு சொன்ன டீச்சரா இது" என்று என் பிள்ளைகள் யாராவது கேலி செய்தால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளை ஒரு மாதிரியாகப் பார்க்காதீர்கள்.

போடுவதற்கு முன் இதை மருமகளிடம் படிக்கக் கொடுத்தேன். "என்னைப் பத்தி இவ்வளவு வேணாம் அத்தை, பாதியை எடுத்துடுங்க" என்றாள். ஒரு வரிகூட எடுக்கவில்லை. கோப்பையைத் தட்டிவிட்டதை மட்டும் அவள் படித்த பிறகு நான்தான் சேர்த்தேன்.

வியாழக்கிழமை பி12 ஊசி போடும் நாள். அன்று யாரும் வீட்டுக்கு வர வேண்டாம், இருக்கமாட்டோம். மற்ற நாளில் வாங்க. ஸ்வீட் பாக்ஸ் மட்டும் வேண்டாம்.